கூடாரக் கம்பின் கதை: ஒட்டகத்தின் முதுகிலிருந்து காபன் நார் வரை



பள்ளிவாசலின் நிவாரணப் பொருட்களோடு சில கூடாரங்களையும் வாங்கி வைப்போம் என்ற பேச்சு ஊரில் நடக்கிறது. "காபன் நார்க் கம்பு போட்டது நல்லதாம், பாரமே இல்லையாம்" என்கிறார் ஒருவர். "விலை கூடவே" என்கிறார் இன்னொருவர். முடிவெடுக்க முன்னர் அந்தக் கம்பின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

கூடாரம் நமது மார்க்க வழக்குக்குள்ளேயே இருக்கிறது. தொழுகையை மார்க்கத்தின் தூண் என்கிறோம். 'அமூத்' என்ற அந்த அரபுச் சொல் கூடாரக் கம்பத்துக்கும் உரியதுதான். நாம் ஓதும் 'பைத்' என்பதும் வீட்டையும் கூடாரத்தையும் குறிக்கும் சொல். 8ஆம் நூற்றாண்டில் பஸ்றாவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் அரபு யாப்பை வகுத்தபோது, அதன் உறுப்புகளுக்குக் கயிறு, முளை என்று கூடாரத்தின் பெயர்களையே வைத்தார். அந்தக் காலத்துக் கூடாரம் ஆட்டு மயிர்த் துணியும் மரக் கம்பும். அதைச் சுமக்க ஒட்டகம் இருந்தது.

மனிதன் தன் முதுகிலேயே கூடாரத்தைச் சுமந்து மலையேறத் தொடங்கியபோதுதான் கம்பின் எடை பெரிய விடயமானது. மரத்தின் இடத்துக்கு அலுமினியக் குழாய் வந்தது. பல துண்டுகள், அவற்றைப் பொருத்தும் சிறு இணைப்புக் குழாய்கள், உள்ளே ஓடும் இலாஸ்டிக் கயிறு, இரு நுனிகளிலும் முனைத் துண்டுகள். இவ்வளவுதான் இன்றைய கம்பு.

காபன் நாரின் கதை வேறிடத்தில் தொடங்குகிறது. 1879இல் எடிசன் பருத்தி நூலைக் கரியாக்கி மின்குமிழ் இழை செய்தார். தங்ஸ்தன் வந்ததும் கரி இழை ஒதுக்கப்பட்டது. 1958இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ரொஜர் பேக்கன் மிக உறுதியான காபன் இழைகளைக் கண்டார். 1960களில் ஜப்பானின் ஒசாக்காவில் அகியோ ஷிந்தோவும், இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வுகூடத்தினரும் செயற்கை நாரிலிருந்து அதைச் செய்யும் வழியை வளர்த்தார்கள். 1971இல் ஜப்பானின் டோரே நிறுவனம் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. விமானம், தூண்டில் தடி, கோல்ஃப் மட்டை என்று பரவிய நார், கூடாரக் கம்புக்கும் வந்து சேர்ந்தது.

செய்முறை இதுதான். பொலிஅக்ரிலோநைத்திரைல் நாரை முதலில் காற்றில் 200 முதல் 300 பாகை செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். பிறகு ஒட்சிசன் இல்லாமல் 1000 பாகைக்கு மேல் சூடாக்குவார்கள். மற்ற மூலகங்கள் பெரும்பாலும் வெளியேறிவிட, காபன் எஞ்சும். அந்த நாரைப் பிசினோடு சேர்த்து உருளையில் சுற்றி இறுக்கினால் குழாய். ஒரு கனசென்ரிமீற்றர் உருக்கு ஏறத்தாழ 7.8 கிராம், அலுமினியம் 2.7, இந்தக் காபன் கலவை 1.6.

ஆனால் ஒரு குறை உண்டு. நார் ஓடும் திசையில் இருக்கும் பலம் குறுக்கே இல்லை. அழுத்தம் இணைப்பில் குவிந்தால் குழாயின் வாய் பிளந்துவிடும். அலுமினியம் முதலில் வளையும், நமக்குத் தெரியும். மேலே ஒரு குழாயைச் செருகி அன்றிரவைக் கழிக்கலாம். காபன் சொல்லாமல் முறியும், சிராய் கையிலும் ஏறும்.

2004 சுனாமிக்குப் பின் நமது கிழக்குக் கரையில் மக்கள் மாதக்கணக்கில் கூடாரங்களில் இருந்தார்கள். அவற்றை யாரும் முதுகில் சுமந்து வரவில்லை, லொறியில் வந்தன. அங்கே தேவைப்பட்டது எடைக் குறைவல்ல. காற்றுக்கு நிற்பதும், உடைந்தால் ஊர் ஹாட்வெயார் கடைச் சாமானால் திருத்த முடிவதும்தான்.

ஆகவே நமது அபிப்பிராயம்: மலையேறும் சாரணப் பிள்ளைகளுக்குக் காபன் பொருத்தம். நிவாரணக் களஞ்சியத்துக்கு அலுமினியம் போதும். மிச்சப் பணத்தில் மேலதிக இணைப்புக் குழாய்களும் இலாஸ்டிக் கயிறும் வாங்கி வைப்போம். வேறு கருத்துள்ளவர்கள் கூட்டத்துக்கு முன் சொல்லுங்கள்.