திருப்தியே இல்லாத கார்

நம்ம புராஜெக்ட்டுக்கு ஒரு சின்ன எலக்ட்ரிக் ரேஸ் கார் என்று முடிவான முதல் நாளே சண்டை. ஓட்டுபவரை வண்டிக்குள் முழுசாக மூடிவிட வேண்டும் என்றது ஒரு கட்சி. மூடினால் வண்டி பெரிதாகும், எடை கூடும், தலையும் தோளும் வெளியே இருந்துவிட்டுப் போகட்டும் என்றது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. ஆதாரம் தேடப் போனால், 1899-க்கே போக வேண்டியதாயிற்று!

எலக்ட்ரிக் கார் நேற்று வந்த சமாச்சாரம் இல்லை. கார்களின் ஆரம்பகால வேகச் சாதனைகளே அதனுடையவைதான். 1898 டிசம்பர் 18 அன்று பாரிஸை அடுத்த அஷேரில், ஷாஸ்லூ-லோபா என்ற பிரபு மணிக்கு 63.15 கி.மீ. வேகத்தில் ஓட்டிக் காட்டினார். பெல்ஜியத்துக்காரர் காமில் ஜெனாட்ஸிக்கு அது பொறுக்கவில்லை. அடுத்த சில மாதங்கள் இருவரும் மாற்றி மாற்றிச் சாதனையை முறியடித்தார்கள். மார்ச் 4-ல் பிரபு 92.78-ஐத் தொட்டுவிட்டார்.

ஜெனாட்ஸியின் பதில்தான் 'லா ஜமே கோந்தாந்த்'. ஒருபோதும் திருப்தியடையாதவள் என்று அர்த்தம். இலேசான அலுமினியக் கலவையில் டார்பிடோ வடிவ உடல், உள்ளே பேட்டரிகள், பின்னால் 25 கிலோவாட் மோட்டார்கள் இரண்டு. ஏப்ரல் 29 அன்று ஒரு கிலோமீட்டரை 34 நொடியில் கடந்தது. மணிக்கு 105.88 கி.மீ.! சாலை வாகனம் ஒன்று நூறைத் தாண்டியது அதுதான் முதல் முறை.

ஆனால் அதன் போட்டோவைப் பார்த்தால் சிரிப்பு வரும். அத்தனை வழவழப்பான டார்பிடோவின் மேல், குதிரைச் சவாரி போல நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார் ஜெனாட்ஸி. கீழே சக்கரம், அச்சு, சட்டம் எல்லாம் காற்றில் அம்மணமாக நிற்கின்றன. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு, அதை வெல்லத் தேவைப்படும் திறன் எட்டு மடங்கு. டார்பிடோவில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கை அவர் நெஞ்சே செலவழித்திருக்கும்! அவரையும் உள்ளே உட்கார வைத்திருந்தால் உடல் பருத்திருக்கும். ஏற்கெனவே சுமார் ஒன்றரை டன் இருந்த வண்டி இன்னும் கனத்திருக்கும்.

ஆக, என் கட்சி ஜெயித்துவிட்டதா? அப்படித்தான் நினைத்தேன், 1987-க்கு வரும் வரை.

அந்த வருஷம் ஆஸ்திரேலியாவில் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை சுமார் 3,000 கி.மீ. சூரிய சக்திக் கார் பந்தயம். ஜெனரல் மோட்டார்ஸின் 'சன்ரேசர்' சராசரியாக மணிக்கு 66.9 கி.மீ. வேகத்தில் ஓடி ஜெயித்தது. அதற்குக் கிடைத்த மின்சாரம் நல்ல வெயிலிலேயே சுமார் 1,500 வாட்தான். ஜெனாட்ஸியின் மோட்டார்களோ 50,000 வாட்! அதனால் ஓட்டுபவரைச் சாய்த்துப் படுக்க வைத்து, ஒரே நீர்த்துளி போல முழுக்க மூடிவிட்டார்கள். காற்று இழுவைக் குணகம் வெறும் 0.125.

இரண்டு பேரும் தப்புச் செய்யவில்லை. ஒரு கிலோமீட்டருக்குத் திறனைக் கொட்டலாம். மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒவ்வொரு வாட்டையும் எண்ண வேண்டும். என்ன வடிவம் என்று கேட்பதற்கு முன்னால், எவ்வளவு தூரம் என்று கேட்டிருக்க வேண்டும். நம் பந்தயத்தில் மதிப்பெண், ஒரே சார்ஜில் எத்தனை சுற்று என்பதற்குத்தானே?

எனவே நண்பர்களே, நான் கட்சி மாறிவிட்டேன். மூடிவிடலாம்!