லைப்சிக் நகர உரோமத்தோல் வணிகமும் யூதப் புலம்பெயர் குடும்பங்களும்

முன்னுரை

ஓர் இனத்தாரையும் ஒரு தொழிலையும் இணைத்து, அத்தொழில் அவர்தம் பிறவிக்குணம் எனக் கூறும் போக்கு வணிக வரலாற்றில் பரவலாகக் காணப்படுகிறது. உரோமத்தோல் வணிகத்தில் யூதர்கள் பெற்றிருந்த இடமும் பலரால் இவ்வாறே விளக்கப்பட்டுள்ளது. செருமனியின் லைப்சிக் நகரைக் களமாகக் கொண்டு, அவ்விடம் சட்டத்தடைகளின் விளைவு என்பதையும், வணிகம் வளர்ந்த அளவுக்கு அக்குடும்பங்களின் உரிமை வளரவில்லை என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சந்தையும் சட்டமும்

முதலாம் மாக்சிமிலியன் 1497, 1507 ஆகிய ஆண்டுகளில் வழங்கிய தனியுரிமைகள் லைப்சிக் சந்தையை மைய ஐரோப்பாவின் முதன்மைச் சந்தைகளுள் ஒன்றாக உயர்த்தின. உருசியா, போலந்து நாடுகளின் உரோமத்தோல்கள் இங்கு மேற்கு ஐரோப்பியச் சரக்குகளுக்கு மாற்றப்பட்டன. மிகச்சிலர் நீங்கலாக, யூதர்கள் சந்தை நாள்களில் மட்டுமே நகருள் தங்க இசைவு பெற்றனர்; அதற்கும் தனிவரி செலுத்தினர்.

தோலைத் தைத்து ஆடையாக்கும் தொழில் கைவினைஞர் குழுமங்களின் பிடியில் இருந்தது. அக்குழுமங்களில் யூதர்க்கு இடமில்லை. குழுமக் கட்டுப்பாட்டுக்குப் புறத்தே நின்றது பதனிடாத தோலை வாங்கிவிற்கும் தொலைதூர வணிகமே. எனவே அவர்கள் அதில் நுழைந்தமை விருப்பத்தினும் வழியின்மையால் நேர்ந்தது எனலாம்.

பிரோடி வணிகர்

இவ்வணிகத்தில் கலீசியாவின் பிரோடி நகர யூதர்கள் சிறப்பிடம் பெற்றனர். ஆசுத்திரிய ஆட்சியில் 1779 முதல் 1880 வரை பிரோடி தீர்வையற்ற வணிக நகராக விளங்கியது. உருசிய எல்லையை ஒட்டிய அமைப்பும், செருமானியரோடு பேசத் துணைநின்ற யிட்டிஷ் மொழியும் அவர்தம் வலிமைகளாயின.

உரோமத்தோலின் மதிப்பு நிறம், மயிரின் அடர்த்தி, விலங்கு பிடிபட்ட பருவம் ஆகியவற்றைப் பொறுத்தது. அதனைக் கண்ணாலும் கையாலும் தேர்ந்து தரம்பிரிக்க நீண்ட பயிற்சி வேண்டும். ஒரு சந்தையில் வாங்கிய சரக்குக்கு மறுசந்தையில் பணம் செலுத்தும் கடன்முறைக்கோ நம்பிக்கை வேண்டும். இவ்விரண்டையும் குடும்பமும் மணவுறவும் வழங்கின. ஆகவே உறவுவழி வணிகம் அத்தொழிலின் தேவையிலிருந்தே எழுந்தது என்பது தெளிவு.

லைப்சிக்கில் யூதர்க்கென முதல் இடுகாடு 1814 இல் பிரோடி வணிகர் முயற்சியால் அமைந்தது. சாக்சனியில் 1837, 1838 ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பின்னரே முறையான யூதச் சமூகம் அமைய வழி பிறந்து, 1847 இல் அது நிறுவப்பெற்றது. குடியிருக்கும் உரிமைக்கு முன்பே புதைக்கப்படும் உரிமை கிடைத்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

புரூல் தெருவின் வளர்ச்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புரூல் தெரு உலக உரோமத்தோல் வணிகத்தின் மையங்களுள் ஒன்றாயிற்று. கிழக்கு ஐரோப்பாவின் வறுமையும், 1881 முதல் உருசியாவில் நிகழ்ந்த யூத எதிர்ப்பு வன்முறைகளும் மேலும் பல குடும்பங்களை மேற்கே செலுத்தின.

இவருள் பெரும்புகழ் பெற்றவர் ஹாயிம் ஐட்டிங்கோன் (1857-1932). இவர் குடும்பத்தின் வணிகம் மாஸ்கோ, லைப்சிக், நியூயார்க் நகரங்களை இணைத்தது. இவரது கொடையால் 1922 இல் எட்ஸ் ஹாயிம் தொழுகைக்கூடமும், 1928 இல் யூத மருத்துவமனையும் எழுந்தன. இவர் மகன் மாக்ஸ் ஐட்டிங்கோன் 1920 இல் பெர்லினில் நிறுவப்பெற்ற உளப்பகுப்பாய்வு மருத்துவகத்துக்குப் பொருளுதவி புரிந்தார். ஆயினும் இத்தகைய ஒரு குடும்பத்தை மட்டும் முன்னிறுத்துவது, சிறு தரகர், தரம்பிரிப்போர், எழுத்தர் ஆகியோரின் வாழ்வை மறைத்துவிடுகிறது.

குடியுரிமையும் வீழ்ச்சியும்

1925 இல் லைப்சிக்கில் 12,000க்கு மேற்பட்ட யூதர்கள் வாழ்ந்தனர். அவருள் பெரும்பகுதியினர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவரும் அவர்தம் வழியினரும் ஆவர். முதல் உலகப் போருக்குப்பின் கலீசியா போலந்தின் பகுதியானதால், செருமனியில் பிறந்த பிள்ளைகள் பலரும் ஏட்டளவில் போலந்துக் குடிகளாயினர்.

இதன் விளைவு 1938 அக்டோபர் இறுதியில் வெளிப்பட்டது. போலந்துக் குடியுரிமை பெற்ற யூதர்களை நாட்சி அரசு எல்லைக்கு விரட்டியது. லைப்சிக்கிலிருந்த போலந்துத் தூதர் பெலிக்ஸ் ஹிச்செவ்ஸ்கி ஏறத்தாழ 1,300 பேருக்குத் தூதரகத்தில் அடைக்கலம் அளித்தார். அடுத்த மாதம் எட்ஸ் ஹாயிம் தொழுகைக்கூடம் எரியூட்டப்பட்டது. குடியிருப்புகளுக்கிடையே அமைந்திருந்தமையால் பிரோடி தொழுகைக்கூடம் தீக்குத் தப்பியது. இன்றும் அது வழிபாட்டில் உள்ளது.

வெளிநாடுகளில் கிளையும் உறவும் உடையோர் இலண்டன், நியூயார்க் நகரங்களில் தொழிலைத் தொடர்ந்தனர். அவ்வாய்ப்பற்ற எளியோர் பலர் நாடுகடத்தப்பட்டுக் கொல்லப்பட்டனர். போருக்குப்பின் செருமனியின் உரோமத்தோல் வணிகம் பிராங்க்பர்ட்டுக்கு இடம்பெயர்ந்தது.

முடிவுரை

யூதர்களை உரோமத்தோல் வணிகத்துக்குக் கொணர்ந்தது பிற தொழில்களின் அடைப்பு. அதில் நிலைக்கச் செய்தது தொழிலறிவும் உறவுவழிக் கடனும். ஆயின் ஒரு நூற்றாண்டு அந்நகரின் செல்வத்தைப் பெருக்கிய பின்னரும், சட்டத்தின் பார்வையில் அவருள் பலர் சந்தைக்கு வந்த அயலவராகவே நீடித்தனர். புலம்பெயர் வணிகர் வரலாற்றை ஆராய்வோர், ஈட்டிய பொருளோடு பெற்ற குடியுரிமையையும் சேர்த்தே அளவிட வேண்டும் என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது.