நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் வழியும் கரைச் சுற்றுலாவும்

காவிரிப் படுகையின் கடல்முகமான நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் வடகரையில் உள்ள காங்கேசன்துறைக்குக் கடல்வழித் தொலைவு ஏறத்தாழ 60 கடல் மைல், அதாவது 110 கி.மீ. கடல் அமைதியாக இருந்தால் நான்கு மணி நேரத்தில் கப்பல் கரை சேரும். இவ்வழியில் போவோரும் வருவோரும் இறங்கிய கரையில் மேற்கொள்ளும் கோயில், ஊர், தீவுப் பயணங்களே இங்கு கரைச் சுற்றுலா எனப்படுகின்றன.

சொகுசுக் கப்பல்களின் கரைச் சுற்றுலா வேறு வகை. அங்கே கப்பல் துறைமுகத்தில் காத்து நிற்கும்; பயணிகள் பேருந்தில் ஊரைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். உலகின் வடகோடியில் இதற்குப் பேர்பெற்றது நார்வே. அந்நாட்டில் பெர்கன் முதல் கிர்க்கெனஸ் வரை செல்லும் கடலோரக் கப்பல் சேவை 1893-ல் தபாலும் சரக்கும் ஏற்றிச் செல்லத் தொடங்கியது. இன்று 34 துறைகளைத் தொட்டுச் செல்லும் அவ்வழியில், ஹொன்னிங்ஸ்வோக் துறையில் கிடைக்கும் சில மணி நேரத்துக்குள் பயணிகளைப் பேருந்தில் வடமுனை என்னும் நிலமுனைக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

அத்தகைய சுற்றுலா காங்கேசன்துறைக்கும் வந்தது. கோர்டீலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பல் 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்குச் சென்றது. 1990-ல் 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் ஓடத் தொடங்கிய கப்பல் இது; பெயரில்தான் வடக்கு, முதலில் ஓடியது பஹாமாஸ் போன்ற வெயில் கடல்களில். ஒரு பகல் இறங்கி ஏறும் இந்த ஏற்பாடு யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தாது. நல்லூர்க் கோயிலையும் பொது நூலகத்தையும் அவசரமாகப் பார்க்கலாம். தீவுப் பக்கம் போக முடியாது.

முந்தைய வழிகள்

தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையிலான கப்பல் பயணம் 1914 முதல் தனுஷ்கோடி – தலைமன்னார் வழியே நடந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் போயிற்று. அதுவும் 1984-ல் நின்றது. அக்காலத்தில் நாகப்பட்டினத்துப் பயணிகள் கப்பல்கள் கிழக்கே, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போயின. 'ரஜூலா' கப்பலை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள் நாகூரிலும் காரைக்காலிலும் இன்னும் உண்டு. அப்பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி வர முடியாது. கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களும் மூட்டைகளும் படகில் போய் ஏறினார்கள். அதன்பின் வந்த 'எம்.வி. சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்த வழி முடிந்தது.

நாகை – காங்கேசன்துறை சேவை 2023 அக்டோபர் 14 அன்று இந்தியக் கப்பல் கழகத்தின் 'செரியபாணி'யுடன் தொடங்கியது. அதில் 150 பேர் ஏற முடிந்தது. வரியோடு ஒருவழிக் கட்டணம் அப்போது 7,670 ரூபாயாக இருந்தது. வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும் மாதத்தில் தொடங்கியதால் ஒரு வாரத்திலேயே நிறுத்தவேண்டியதாயிற்று. ஐப்பசியில் இந்தக் கடல் எப்படி இருக்கும் என்று அக்கரைப்பேட்டை மீனவர் எவரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். 2024 ஆகஸ்ட் 16 முதல் தனியார் நிறுவனம் ஒன்று 'சிவகங்கை' என்ற கப்பலை இயக்கியது. அதுவும் அந்த ஆண்டு மழைக்காலத்தில் நின்று, 2025 பிப்ரவரியில் மீண்டும் ஓடத் தொடங்கியது.

வடகரையில்

காங்கேசன்துறையில் இறங்கியவர் முதலில் போவது பெரும்பாலும் கீரிமலைக்கு. கடலை ஒட்டிய கேணியில் நன்னீர் ஊறுவது இவ்விடத்தின் விசேஷம். பக்கத்திலேயே நகுலேஸ்வரர் கோயில். ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் கழிக்கப் பெருங்கூட்டம் கூடும். அருகே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில். யாழ்ப்பாண நகரம் இங்கிருந்து சுமார் 20 கி.மீ.; போரில் அழிந்த ரயில் பாதை 2015-ல் காங்கேசன்துறை வரை மறுபடி திறக்கப்பட்டதால் ரயிலிலும் போகலாம்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் பூசை மணி தவறாது. ஆண்கள் மேற்சட்டையின்றித்தான் உள்ளே போகவேண்டும். ஆடி – ஆவணியில் நடக்கும் திருவிழா 25 நாள். அந்நாள்களில் தங்க அறை கிடைப்பது கடினம்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் தஞ்சைப் பக்கத்தார் கட்டாயம் பார்க்கவேண்டிய இடம். அதை அமைக்க ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதன். 1981 மே கடைசி இரவில் தொடங்கிய எரிப்பில் சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. இன்று நிற்பது புதுப்பிக்கப்பட்ட கட்டடம். பேருந்திலிருந்து இறங்கி முகப்பில் படம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களே அதிகம். உள்ளே போய் வாசகசாலையில் சற்று உட்கார்ந்து வரவேண்டும். எதிரே, போர்த்துக்கேயர் எழுப்பி 1658-க்குப் பின் ஒல்லாந்தர் விரித்துக் கட்டிய கோட்டை இருக்கிறது. நாகப்பட்டினமும் அதே ஆண்டில்தான் ஒல்லாந்தர் கைக்குப் போனது.

தீவுகளுக்கு ஒரு நாள் முழுதாக வேண்டும். வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானுக்குச் சாலையில் போய், அங்கிருந்து படகேறினால் சிறிது நேரத்தில் நயினாதீவு. நாகபூஷணி அம்மன் கோயிலும் பௌத்தர்களின் நாகதீப விகாரையும் அங்கே அருகருகே உள்ளன. காட்டுக் குதிரைகள் திரியும் நெடுந்தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரமாகும். திரும்பும் படகின் நேரத்தைக் கேட்டுக்கொண்டே ஏறவேண்டும்.

படுகைக் கரையில்

எதிர்த்திசையில் வருவோருக்கு இது சுற்றுலா என்பதைவிட யாத்திரை. வேளாங்கண்ணி, நாகூர் தர்கா, சிக்கல் மூன்றும் நாகையிலிருந்து 12 கி.மீ. சுற்றளவுக்குள் அடங்கும். ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு இலங்கைக் கத்தோலிக்கர் வருவது பழைய வழக்கம். சைவர்களுக்கு முதலிடம் சிதம்பரம். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864-ல் அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்.

தஞ்சைப் பெரிய கோயில் நாகையிலிருந்து சாலையில் இரண்டு மணி நேரத்துக்குமேல். ஈழத்து ஊர்கள் சிலவற்றின் வருவாயை இக்கோயிலுக்கு விட்டதைக் கல்வெட்டு கூறுகிறது. இலங்கையிலிருந்து வருபவருக்கு வழிகாட்டிகள் இந்தக் கல்வெட்டைக் காட்டுவதில்லை; நந்தியையும் விமானத்தின் நிழலையும் பற்றிப் பேசி முடித்துவிடுகிறார்கள். நாகப்பட்டினத்திலோ, ஸ்ரீவிஜய அரசர் முதலாம் இராசராசன் காலத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்தில் பார்க்க எதுவும் மிஞ்சவில்லை. எஞ்சியிருந்த பழைய பௌத்தக் கோபுரத்தை 1867-ல் இடித்துவிட்டார்கள். இங்கே மண்ணிலிருந்து கிடைத்த புத்தர் படிமங்களில் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில்தான் காணலாம்.

பயணம் போகும் காலம்

மாசி முதல் ஆவணி வரை இவ்வழிக்கு உகந்தது. சொகுசுக் கப்பலைப் போல இது உங்களுக்காகத் துறையில் காத்திராது என்பதால், யாழ்ப்பாணத்தில் மூன்று இரவாவது தங்குமாறு திட்டமிடுவது நல்லது. கடவுச்சீட்டும் இலங்கைக்கான பயண அனுமதியும் கட்டாயம். ஐப்பசி, கார்த்திகையில் கிளம்புவதாயிருந்தால், விடுதிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் கப்பல் ஓடுகிறதா என்று நாகை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.