நிரல் எழுதியவர்களிடம் நிர்வாகம் வந்து சேர்ந்த வரலாறு

அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களில் இன்று தொழில்நுட்ப இயக்குநர், தலைமைத் தொழில்நுட்ப அலுவலர் என்னும் பெயர்களில் இருக்கும் பதவிகளை யாரும் முன்கூட்டியே திட்டமிட்டு ஏற்படுத்தவில்லை. வாங்கிய கணினியையும் எழுதிய நிரலையும் ஆண்டுக்கணக்கில் கெடாமல் காக்க வேண்டிய நெருக்கடியே, வலைத்தளம் கட்டிக்கொண்டிருந்தவர்களை மெல்ல மெல்ல அந்த நாற்காலிகளில் கொண்டுவந்து அமர்த்தியது. 1980களில் சிறு தொண்டு நிறுவனங்களுக்குக் கணினிகள் வந்து சேர்ந்தபோது, அவற்றைக் கையாளத் தெரிந்தவர்கள் அந்த அலுவலகங்களில் அரிதாகவே இருந்தனர். 1987இல் சான் பிரான்சிஸ்கோவில் டேனியல் பென்-ஹோரின் தொடங்கிய காம்ப்யுமென்ட்டர், கணினி அறிந்த தன்னார்வலர்களைத் தேடிப்பிடித்து அத்தகைய நிறுவனங்களுக்கு வழிகாட்டிகளாக அனுப்பி வைத்தது. பின்னாளில் டெக்சூப் என்ற பெயரில் உலகறிந்த அமைப்பாக வளர்ந்தது இதுவே.

1990களின் நடுவில், சுற்றுச்சூழல் அமைப்புகளுக்கு நிதி வழங்கிய சில அறக்கட்டளைகள் ஒரு படி மேலே சென்று, ஊர் ஊராகப் பயணம் செய்து பல நிறுவனங்களுக்குக் கணினி வசதி செய்துகொடுக்கும் வல்லுநர்களுக்குச் சம்பளம் கொடுத்தன. முற்காலத்தில் குதிரையேறி ஊர்தோறும் சென்ற மெதடிஸ்ட் போதகர்களுக்கு வழங்கிய ‘சர்க்யூட் ரைடர்’ என்ற பெயரே இவர்களுக்கும் அமைந்தது. இவர்களது பணி மதிக்கத்தக்கது. எனினும் அதன் அடிப்படைக் குறை தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. வல்லுநர் அடுத்த ஊருக்குப் புறப்பட்ட பின் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பதில்லை. கணினி வாங்க நன்கொடை தர முன்வந்தவர்கள், அதைப் பராமரிப்பவருக்குச் சம்பளம் தர அவ்வளவாக முன்வரவில்லை. இத்துறையினரை ஒன்றுசேர்க்க 2000இல் என்டென் என்ற அமைப்பு தோன்றிய பின்னரும், பராமரிப்புக்கான நிதி என்பது தீராத பேச்சாகவே நீடித்தது.

வலைத்தளங்கள் பரவியதும் நிலைமை மாறியது. அறிவிப்புப் பலகைபோல் இருந்த வலைப்பக்கம், உறுப்பினர் சேர்க்கையும் நன்கொடையும் நடைபெறும் இடமாக ஆனபோது, அப்பக்கத்தை வடிவமைத்தவர் தம்மை அறியாமலேயே நிறுவனத்தின் உறுப்பினர் பட்டியலுக்கும் வரவுக்கும் காவலராகிவிட்டார். 2003இல் ஹோவர்ட் டீனின் அதிபர் வேட்பாளர் பரப்புரைக்காகத் தன்னார்வ நிரலாளர்கள் ட்ரூபல் என்னும் திறந்த மூல மென்பொருளின் மேல் (அதாவது நிரலை எவரும் படித்துத் திருத்தக்கூடிய மென்பொருளின் மேல்) உருவாக்கிய டீன்ஸ்பேஸ், பரப்புரை தோற்று முடிந்த பிறகும் அழியாமல் சிவிக்ஸ்பேஸ் என உருமாறியதும், உறுப்பினர், நன்கொடையாளர் விவரங்களைப் பேணும் சிவிசிஆர்எம் என்ற மென்பொருள் 2005இல் வெளிவந்ததும் இதே போக்கின் விளைவுகள்.

இம்மாற்றத்தை மிகத் தெளிவாகக் காட்டும் வரலாறு, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையினுடையது. 2001 ஜனவரி 15 அன்று விக்கிப்பீடியா தொடங்கியபோது அது பேர்ல் மொழியில் எழுதப்பட்ட யூஸ்மோட்விக்கி என்ற எளிய நிரலில், அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜிம்மி வேல்சின் போமிஸ் நிறுவனத்துக்குரிய வழங்கியில் (சர்வரில்) ஓடியது. கட்டுரைகள் பெருகி அந்நிரல் திணறியபோது, உயிரியல் மாணவரான மாக்னஸ் மான்ஸ்கே பிஎச்பி மொழியில் புதிய நிரல் ஒன்றை எழுதித் தந்தார். 2002 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதுவும் சுமை தாங்காமல் போகவே, லீ டேனியல் குரோக்கர் அதை மீண்டும் எழுதினார். பிற்பாடு மீடியாவிக்கி எனப் பெயர் பெற்றது இவ்வடிவமே. இவர்களில் எவரும் இதற்கெனச் சம்பளம் பெற்றவர் அல்லர்.

இவர்களுக்குப் பின் அந்நிரலின் பொறுப்பை ஏற்ற புரூக் விப்பர், எஸ்பெராண்டோ மொழி ஆர்வத்தின் வழியாக இத்திட்டத்துக்குள் வந்தவர். அம்மொழியின் தொப்பி வைத்த எழுத்துகள் ஆங்கில விக்கிப்பீடியா அப்போது பயன்படுத்திய எழுத்துக் குறியாக்கத்தில் இடம்பெறாததால், உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான ஒருங்குறியை நிரலில் சேர்க்கும் வேலையில் அவர் ஈடுபட்டார். தமிழ் வலைத்தளங்கள் டிஸ்கி, டாப் என வெவ்வேறு குறியாக்கங்களில் சிதறிக் கிடந்து, ஒன்றின் எழுத்துரு இல்லாதவருக்கு அத்தளம் வெறும் குப்பை எழுத்துகளாகத் தெரிந்த காலம் அது. 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியா அந்தச் சிக்கலுக்குள் விழாமல் ஒருங்குறியில் வளர முடிந்ததற்கு இத்தகைய உழைப்பும் ஒரு காரணம் என்பது தமிழர் நன்றியோடு நினைக்க வேண்டிய செய்தி.

2003 ஜூன் 20 அன்று அறக்கட்டளை நிறுவப்பட்டபோதும், வழங்கிகளைப் பார்த்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்களே. 2005 பிப்ரவரி 21 அன்று, புளோரிடாவின் டாம்பா நகரில் வழங்கிகள் வைக்கப்பட்டிருந்த நிலையத்தில் மின்சுற்றுத் துண்டிப்பான் விழுந்து, அனைத்து வழங்கிகளும் ஒரே நேரத்தில் அணைந்தன. தரவுத்தள மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் வட்டில் குறித்துக்கொண்ட பிறகே முடிந்ததாகக் கணக்கிடும் என்பதால், இத்தகைய விபத்தைத் தாங்க வேண்டும். ஆனால் வட்டும் அதன் கட்டுப்படுத்தியும் தற்காலிக நினைவகத்தில் வைத்திருப்பதையே எழுதி முடித்துவிட்டதாகச் சொல்லிவிட்டால், மின்சாரம் போகும் நொடியில் அந்த உறுதி பொய்த்துவிடும். நடந்தது ஏறத்தாழ அதுவே: தரவுத்தளத்தின் பல பிரதிகள் சிதைந்தன, தப்பிப் பிழைத்ததைக் கொண்டு, தளத்தை முதலில் படிப்பதற்கு மட்டும் திறந்து, பின்னரே திருத்துவதற்கும் திறக்க முடிந்தது.

அதே 2005இல் விப்பர் அறக்கட்டளையின் தொடக்ககாலச் சம்பள ஊழியர்களில் ஒருவராகி, தலைமைத் தொழில்நுட்ப அலுவலர் என்ற பொறுப்பையும் ஏற்றார். நிரல் எழுதுவதோடு, நன்கொடைப் பணத்தில் எந்த வழங்கியை வாங்குவது, யாரைப் பணிக்கு எடுப்பது என்ற முடிவுகளும், தன்னார்வலர்கள் அனுப்பும் நிரல் மாற்றங்களைப் படித்துப் பார்த்து ஏற்பதும் அவர் கைக்கு வந்தன. இந்தக் கடைசி வேலையே பிறர் கண்ணில் படாததும் பெரியதுமாகும். 2009இல் அவர் அப்பதவியிலிருந்து விலகிய பின், சரிபார்க்கப்படாத மாற்றங்கள் மலையாகக் குவிந்தன, மீடியாவிக்கியின் 1.17ஆம் பதிப்பு 2011 வரை தாமதமானதற்கு இக்குவியல் முக்கியக் காரணம். ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து படித்த நேரமே அத்தனை தன்னார்வலர்களின் உழைப்பையும் பயனுள்ளதாக்கி வந்தது என்பதை அவர் இல்லாத காலமே மெய்ப்பித்தது.

அறக்கட்டளை சான் பிரான்சிஸ்கோவுக்கு இடம்பெயர்ந்து, பொறியாளர் எண்ணிக்கை கூடியதும் சிக்கலின் தன்மை மாறியது. வணிக நிறுவனத்தின் மேலாளர் புதிய வசதி ஒன்றை வெளியிட்டால் வாடிக்கையாளர் ஏற்பார் அல்லது விலகுவார். விக்கிப்பீடியாவிலோ தளத்தைப் பயன்படுத்துவோரே அதைக் கட்டியவர்கள், விதிகளை வகுத்தவர்கள், பல சமயம் நிரலையும் தொடக்கூடியவர்கள். 2013 ஜூலையில், விக்கிக் குறியீடுகளை அறியாதவரும் எளிதில் எழுதுவதற்காக உருவாக்கிய காட்சித் தொகுப்பி ஆங்கில விக்கிப்பீடியாவில் இயல்பிருப்பாக வைக்கப்பட்டபோது, அது முதிரவில்லை என்று பங்களிப்பாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். செப்டம்பரில் அவ்விக்கியின் நிர்வாகி ஒருவர் அமைப்பை மாற்றி, வேண்டுவோர் மட்டும் தேர்ந்துகொள்ளும் நிலைக்கு அதைக் கொண்டுசென்றார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், படங்களைக் காட்டும் வேறொரு கருவி குறித்து ஜெர்மன் விக்கிப்பீடியாவில் தகராறு மூண்டபோது, அறக்கட்டளை ஊழியர் தவிர வேறெவரும் மாற்ற முடியாதபடி பக்கங்களைப் பூட்டும் ‘சூப்பர்புரொடெக்ட்’ என்ற புதிய உரிமை நிரலில் சேர்க்கப்பட்டது. நிரலால் அதைச் செய்வது எளிது. ஆனால் ஊதியமின்றி உழைத்தவர்களின் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிய செயலாகவே அது பார்க்கப்பட்டது, அப்பார்வையில் நியாயம் உண்டு. 2015 நவம்பரில் அவ்வுரிமை நீக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில், பங்களிப்பாளர்கள் தங்களுக்கு வேண்டிய கருவிகளை முன்மொழிந்து வாக்களிக்கவும், முன்னிலை பெற்றவற்றை அறக்கட்டளையின் பொறியாளர் குழு ஒன்று எடுத்துச் செய்யவும் வழிசெய்யும் விருப்பப்பட்டியல் கணக்கெடுப்பு முதன்முறையாக நடத்தப்பட்டது.