பங்குனி ஆமையும் பருவத் தேர்வும்: சென்னையில் மாணவர் சூழல் பயிற்சி வளர்ந்த கதை

தொண்டு நிறுவனம் ஒன்றில் சூழல் பணி செய்யப் போகும் சென்னைக் கல்லூரி மாணவர் அதை இன்று 'இன்டர்ன்ஷிப்' என்கிறார். அதற்கு மணிக்கணக்கு உண்டு, சான்றிதழ் உண்டு, மதிப்பெண் பட்டியலில் ஓர் இடமும் உண்டு. பெயரும் ஏற்பாடும் புதியவை. ஆனால் வேலை பழையது. அடையாற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே, இருட்டிய மணலில், ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே இளைஞர்கள் அதைத் தொடங்கிவிட்டார்கள்.

1970களின் தொடக்கத்தில் ராமுலஸ் விட்டேக்கர் நிறுவிய சென்னைப் பாம்புப் பண்ணையைச் சுற்றி இளைஞர் கூட்டம் ஒன்று திரண்டது. கடலாமை முட்டைகள் மனிதருக்கும் நாய்களுக்கும் இரையாவதைக் கண்டு, இரவில் கரையோரம் நடந்து கூடுகளைத் தேட ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருவர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்த சதீஷ் பாஸ்கர். பின்னாளில் இந்தியக் கரைகளையும் தீவுகளையும் காலால் அளந்து ஆமைக் கணக்கெடுத்தவர். 1982இல் லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலித் தீவில் மழைக்காலம் முழுவதும் தனியாகத் தங்கினார். அவர் இந்தக் கல்வியைப் பெற்ற இடம் சென்னைக் கடற்கரை.

இந்தக் கரையில் முட்டையிடும் கடலாமைக்கு நம் மீனவர் வைத்த பெயர் பங்குனி ஆமை. தை மாதத்திலிருந்தே கரையேறத் தொடங்கி, பங்குனியை ஒட்டி முட்டையிட்டு முடிக்கும் உயிருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. பெயரிலேயே ஒரு நாட்காட்டி இருக்கிறது. இந்தக் கட்டுரையின் வாதமும் அந்த நாட்காட்டியைப் பற்றியதே.

1982 முதல் 1988 வரை வனத்துறை இக்கரையில் முட்டைப் பொரிப்பகங்களை நடத்தியது. அது நின்றபோது, 1988இல், கல்லூரி மாணவர்கள் சிலர் கூடி 'மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பை' உருவாக்கினார்கள். இன்று கடலாமை ஆய்வில் உலகறிந்த கார்த்திக் ஷங்கர் அவர்களில் ஒருவர். அமைப்பின் பெயரிலேயே 'மாணவர்' என்ற சொல்லை வைத்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு நிறுவனத்தின் கீழ் பயிற்சி பெற அவர்கள் போகவில்லை. பயிற்சிக்கான இடத்தையே கட்டினார்கள்.

அங்கே கற்பிக்கப்படுவது கைத்தொழில். நள்ளிரவை ஒட்டி நீலாங்கரையில் புறப்பட்டு, பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஆமையின் துடுப்புகள் மணலில் இழுத்த தடத்தை இருட்டில் அடையாளம் காண வேண்டும். தடம் போய்த் திரும்பும் இடத்தில் குச்சியால் மெல்லக் குத்திப் பார்த்தால், கூட்டுக்கு மேலுள்ள மணல் மட்டும் இளகிக் கொடுக்கும். பிறகு கையால் தோண்டுவார்கள். குடுவை வடிவக் குழியில் சுமார் ஒன்றரை அடி ஆழத்தில், பெரும்பாலும் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகள் இருக்கும். அவற்றைப் புரட்டாமல் குலுக்காமல் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், அதே ஆழத்தில், அதே வடிவில் குழி பறித்துப் புதைக்க வேண்டும். வெளியேறும் குஞ்சு வெளிச்சம் மிகுந்த பக்கம் ஊரும். விளக்கில்லாத கரையில் அது கடல். இங்கே அது சாலை. அதனால்தான் இந்த நகரத்துக்குப் பொரிப்பகம் தேவைப்படுகிறது. இந்தக் காரணத்தைப் பாடமாகப் படித்தவரைவிட, சாலைப் பக்கம் போன குஞ்சைக் கையில் எடுத்துத் திருப்பிவிட்டவருக்கு அது ஆழமாகப் புரியும்.

இதற்கு இணையாக அரசும் கல்வித்துறையும் வேறொரு பாதை போட்டன. நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் வந்தது. இரண்டாண்டில் 240 மணி நேரத் தொண்டு அதன் அளவுகோல். மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் இடையே எல்டாம்ஸ் சாலையில், 1980களின் இறுதியில், சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம் தொடங்கியது. 1991இல் எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. அதன் தொடர்ச்சியாகப் பல்கலைக்கழக மானியக் குழு எல்லாப் பட்டப்படிப்புக்கும் வகுத்த பாடத்திட்டத்தில் 50 வகுப்புகள், களப்பணிக்கு 5. நூறு மதிப்பெண்ணில் களப்பணிக்கு 25. களத்தைத் தாளில் ஏற்றியது நல்ல அடி. ஆனால் ஐந்து வகுப்பு நேரத்தில் ஒரு முழு இரவுகூட அடங்காது.

பின்னர் களங்கள் பெருகின. 2005இல் தோன்றிய 'நிழல்' அமைப்பு மரங்களை அறியும் நடைகளை நடத்தியது. கழிவு கொட்டப்பட்ட அடையாற்றுக் கழிமுகத்தில் 58 ஏக்கர் மீட்கப்பட்டு, 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறக்கப்பட்டது.

இப்போது மானியக் குழுவின் 2024 நெறிமுறை, உள்ளகப் பயிற்சியில், அதாவது இன்டர்ன்ஷிப்பில், 30 மணி நேரத்தை ஒரு கிரெடிட்டாகக் கணக்கிடுகிறது. இதை நான் வரவேற்கிறேன். வீட்டில் இரவு வெளியே போக அனுமதி கேட்டு மன்றாடும் மாணவிக்கு, கல்லூரி முத்திரை பதித்த ஒரு தாள் பெரிய துணை. பகுதிநேர வேலையை விட்டு ஊதியமில்லாத் தொண்டுக்கு வர முடியாதவருக்கும், இது படிப்பின் பகுதி என்றால் கொஞ்சமாவது நியாயம் கிடைக்கும்.

ஆனால் மணிக்கணக்குக்குப் பருவம் தெரியாது. பிப்ரவரியில் புதைத்த முட்டை பொரிய ஏறத்தாழ 45 முதல் 60 நாள் ஆகும். குஞ்சுகள் வெளிவருவது பெரும்பாலும், பல கல்லூரிகளில் தேர்வு நடக்கும் ஏப்ரலில். கோடை விடுமுறைப் பயிற்சிக்கு மே மாதம் வரும் மாணவர் பருவத்தின் கடைசிக் கூடுகளையே பார்ப்பார். முப்பது மணி நேரத்தை ஜனவரியிலிருந்து வார இறுதி இரவுகளாகப் பிரித்து ஏற்றுக்கொள்ளக் கல்லூரிகள் முன்வர வேண்டும். அதற்கு விதியை மாற்றக்கூடத் தேவையில்லை.

ஜனவரியிலேயே களத்தில் இருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கிய ஆமை மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. அந்தப் பருவத்தில் நடந்தவர்கள் கூடுகளுக்கு முன் உடல்களைக் கண்டார்கள். பங்குனிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.