செயலியை அழித்தாலும் நிற்காத தானியங்கிக் கட்டணம்

இணையக் கட்டணக் கணக்கின்வழி ஒரு நிறுவனத்திற்கு ஒருமுறை தரும் ஒப்புதலே தானியங்கிக் கட்டண அனுமதி. அதன்பின் மீண்டும் கேட்காமலேயே பணம் கழிக்கப்படும். இலவசச் சோதனைக் காலத்திற்காகவோ பிள்ளைகளின் விளையாட்டுச் செயலிக்காகவோ அட்டையைப் பதிந்துவிட்டு மறந்துவிடுவோர் உண்டு. மாதம் 15 ரிங்கிட் சிறு தொகைதான். ஆனால், ஆண்டுக்கு 180 ரிங்கிட் ஆகிவிடும்.

கைப்பேசியிலிருந்து செயலியை அழிப்பதால் மட்டும் சந்தா ரத்தாகாது. கூகுள் பிளேயில் ‘சந்தாக்கள்’ பகுதியிலும், பேபால் கணக்கின் அமைப்புகளில் ‘தானியங்கிக் கட்டணங்கள்’ பகுதியிலும் அனுமதியை நீக்க வேண்டும். அடுத்த கட்டண நாளுக்கு முன்பே நீக்கிவிடுவது நல்லது.

மாதந்தோறும் வங்கிக் கணக்கறிக்கையைப் பார்ப்பதே முதல் பாதுகாப்பு. மோசடியில் பணம் போயிருந்தால், உடனே வங்கியையோ 997 என்ற தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண்ணையோ அழைக்க வேண்டும்.