இன்டர்டேட்டாவுக்குப் போன யூனிக்ஸ்

1973-இல் யூனிக்ஸ் கெர்னல் சி மொழியில் திருப்பி எழுதப்பட்டது. இருந்தும் சில ஆண்டுகள் அது பிடிபி-11 வரிசைக் கணினிகளையே நம்பியிருந்தது. 1977-இல் ஆஸ்திரேலியாவின் வுல்லங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு மில்லர் அதை இன்டர்டேட்டா 7/32-இல் ஓட்டிக் காட்டினார். அதே காலத்தில் அமெரிக்காவில், மர்ரே ஹில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சியும் ஸ்டீவ் ஜான்சனும் இன்டர்டேட்டா 8/32-ஐ எடுத்துக்கொண்டார்கள்.

பிடிபி-11-இன் கம்பைலர் மிகவும் தாராளமானது. ஒரு ஸ்ட்ரக்சரின் உறுப்பை வேறு ஸ்ட்ரக்சரின் பாயின்டர் வழியாக எடுத்தாலும் அது தடுக்காது. வெறும் எண்ணுக்குப் பக்கத்தில் அம்புக்குறி போட்டால், அந்த எண்ணையே முகவரியாக ஏற்றுக்கொள்ளும். சாதனங்களின் ரெஜிஸ்டர்களைத் தொட இது வசதியாக இருந்ததால், கெர்னலில் இப்படிப்பட்ட வரிகள் மலிந்திருந்தன. முழு எண்ணும் பாயின்டரும் பிடிபி-11-இல் இரண்டு பைட். இன்டர்டேட்டாவில் இரண்டும் நான்கு பைட். அளவை நேராக 2 என்று எழுதி வைத்த வரிகளெல்லாம் அங்கே தவறாகிப் போயின.

கம்பைலர் பிழை என்று சொன்ன இடங்களைத் திருத்துவது எளிது. சத்தமில்லாமல் கம்பைல் ஆகிவிட்ட வரிகள்தான் உண்மையான தொல்லை. பிடிபி-11 ஒரு சொல்லின் கீழ் பைட்டை முதலில் வைக்கும். இன்டர்டேட்டா மேல் பைட்டை முதலில் வைக்கும். எழுத்து வகை மாறியை முன்னது குறியுள்ள எண்ணாக விரிக்கும், பின்னது அப்படி விரிக்காது. கோப்பு முடிந்ததைக் காட்டும் -1-ஐ அத்தகைய மாறியில் போட்டால் இன்டர்டேட்டாவில் அது 255 ஆகிவிடும். -1-க்காகக் காத்திருக்கும் சுழற்சி நிற்கவே நிற்காது.

ஆகவே நிரலோடு சேர்த்து மொழியையும் திருத்த வேண்டியதாயிற்று. யூனியன், அன்சைன்ட், டைப்டெஃப், வகைமாற்றக் குறி ஆகியவை சி மொழியில் வேரூன்றிய ஆண்டுகள் இவை. எந்தச் செயலிக்கும் எளிதில் மாற்றக்கூடிய பிசிசி கம்பைலரை ஜான்சன் எழுதினார். அதன் முன்பகுதியிலிருந்தே லின்ட் பிறந்தது. கம்பைலர் விட்டுவிடும் வகைக் குழப்பங்களை அது வரி எண்ணோடு காட்டிக்கொடுத்தது. கம்பைலரைக் கடுமையாக்காமல் கண்டிப்பை ஒரு தனிக் கருவியிடம் ஒப்படைத்தது நல்ல முடிவு. பழைய நிரல்கள் உடையாமலே அவற்றின் பிழைகள் களையப்பட்டன.

1978-இல் ஜான்சனும் ரிச்சியும் தங்கள் அனுபவத்தைப் பெல் சிஸ்டம் டெக்னிக்கல் ஜர்னலில் கட்டுரையாக வெளியிட்டார்கள். 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் அந்தத் திருத்தங்கள் இடம்பெற்றன. ஜான் ரைசரும் டாம் லண்டனும் வாக்ஸ் கணினிக்காக உருவாக்கிய 32வி அதன் வழியில் வந்ததே.